பழி யார் மேல்?



தோட்டத்தில் ஒரு பெண்ணைக் கெடுத்துவிட்டார்கள் என்ற செய்தி, ஒரு லயத்திலிருந்து அடுத்த லயத்துக்குப் போவதற்குள் கேள்விகள் கிளம்பிவிடும். எல்லாம் அவளைப் பற்றிய கேள்விகளே. செய்தவனைப் பற்றி ஒன்றுகூட இருக்காது. அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "அந்த நேரத்துல அவளுக்கு அங்க என்ன வேல?"
விறகு பொறுக்கவும், பீலிக்குப் போகவும், கடைசி பஸ்ஸில் இறங்கி வீடு வரவும் நம் பெண்கள் ஆளில்லாத பாதையில் நடக்கத்தான் வேண்டியிருக்கிறது. அதே பாதையில் ஆண்களும் நடக்கிறார்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை. வீட்டுக்குள்ளேயே, தெரிந்த ஆளாலேயே நடக்கும்போது எந்த நேரத்தைக் குறை சொல்வது?

2. "ஏன் சத்தம் போடல? ஒடம்புல காயமே இல்லையே?"
பயத்தில் உடம்பு விறைத்து, வாய் எழாமல் போவதுண்டு. 1995இல் திருத்தப்பட்ட நமது தண்டனைச் சட்டக்கோவையின்படி, சம்மதம் இல்லை என்று நிரூபிக்க எதிர்த்துப் போராடிய காயம் இருந்தே ஆக வேண்டியதில்லை. பயமுறுத்தி வாங்கிய சம்மதம் சம்மதமே அல்ல. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை சம்மதித்தாள் என்ற பேச்சும் செல்லாது. பாலியல் வல்லுறவுக்குச் சட்டம் சொல்லும் சிறைத்தண்டனை 7 முதல் 20 வருடம்.

3. "அவ எடம் குடுத்திருப்பா."
பெயர் போடுகிறவரையும் கொழுந்து நிறுக்கிறவரையும் பகைத்தால் வயிற்றில் அடி விழும். அதற்குப் பயந்து வாய் மூடியிருப்பது இடம் கொடுப்பதா? வேலைத்தலத்தில் அதிகாரம் உள்ளவர் ஒரு பெண் விரும்பாத பாலியல் பேச்சுப் பேசினாலோ, அப்படி நடந்தாலோ அது 345ஆம் பிரிவின்படி குற்றம். 5 வருடம் வரை சிறை உண்டு.

4. "வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்."
மானம் போக வேண்டியது செய்தவனுக்கு. காசு வாங்கிக் கொடுத்தோ, அவனுக்கே கட்டிவைத்தோ தலைவர்மார் பேசி முடித்தால், அவன் மறுநாளும் பிரட்டுக்கு வருவான். அடுத்து யார் வீட்டுப் பிள்ளை?

நாம் செய்ய வேண்டியவை

- முதல் வார்த்தை: "நாங்க நம்புறோம் புள்ள. ஒம்மேல தப்பில்ல."
- குளிக்காமல், உடுப்பைக் கழுவாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். குளித்துவிட்டாலும் போகலாம். கர்ப்பத்தையும் நோயையும் தடுக்கும் மருந்துக்கு 72 மணித்தியாலத்துக்குள் போவது முக்கியம்.
- பொலிஸில் தமிழில் முறைப்பாடு கொடுக்க உரிமை உண்டு. எழுதியதை வாசிக்கக் கேட்டு, விளங்கிய பிறகே கையொப்பம் வையுங்கள்.
- பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 என்ற இலக்கங்களில் உதவி கேட்கலாம்.
- அவள் பெயரைப் பரப்பாதீர்கள். அடையாளம் தெரியும்படி பிரசுரிப்பதும் குற்றம்.

மாதர் சங்கக் கூட்டத்தில் கலந்துபேச

1. நம் தோட்டத்தில் எந்தப் பாதைக்கு வெளிச்சம் வேண்டும்? நிர்வாகத்திடம் யார் கேட்பது?
2. "பார்த்துப் போ" என்று மகளுக்குச் சொல்கிறோம். மகனுக்கு என்ன சொல்லி வளர்க்கிறோம்?