அடுப்பு மூட்டாத ஒரு வேளை, கையைக் கடிக்காமல்

சமைக்காத உணவு என்றாலே அவகாடோ, சியா விதை, பாதாம் பால் என்று ஒரு பட்டியலை நீட்டிவிடுகிறார்கள். அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் மாதச் சம்பளம் பத்தாம் தேதியே பல்லிளிக்கும். தென்காசி மாவட்டம் சிவசைலத்தில் இயற்கை உணவைப் பரப்பியவர்கள் தேங்காயையும் பழத்தையும்தான் முன்னால் வைத்தார்கள். நமக்குக் கட்டுப்படியாகிற வழியும் அதுதான். பச்சையாகச் சாப்பிடும் வீட்டில் காய் விலையைவிட, வாங்கிய காய் அழுகுவதில்தான் அதிகப் பணம் கரைகிறது. கீழே உள்ள குறிப்புகளில் சில அதைத் தடுப்பதற்கானவை.

1. மூன்று வேளையும் பச்சைதான் என்று ஒரேயடியாக இறங்காதீர்கள். காந்திஜியே 1929-ல் சபர்மதி ஆசிரமத்தில் சமைக்காத உணவைச் சோதித்துப் பார்த்து, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் சில மாதங்களில் விட்டுவிட்டார். காலையோ இரவோ ஒரு வேளை போதும். இதில் ஒரு சிக்கனக் கணக்கும் இருக்கிறது. மதியம் அடுப்பு எரிகிற வீட்டில் வதங்கிய கேரட் சாம்பாருக்குப் போகும், குழைந்த தக்காளி ரசத்துக்குப் போகும். அடுப்பே கிடையாது என்றால் இரண்டும் குப்பைக்குத்தான்.

2. உழவர் சந்தைக்குப் போங்கள். 1999-ல் மதுரையில் தொடங்கியது, இன்று பல ஊர்களில் இருக்கிறது. அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும்; தள்ளுவண்டியில் வாங்குவதானாலும் அதை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேரம் பேசலாம். விடியற்காலையில் காய் புதிது, கடை கட்டும் நேரத்தில் விலை மலிவு. "மூட்டை கட்டப் போறேன்க்கா, ரெண்டு கூறையும் சேத்து முப்பதுக்கு எடுத்துக்கோங்க" என்று தெருவோரம் சாக்கு விரித்திருப்பவர்களே கூப்பிடுவார்கள். கூறு வாங்கும்போது மேலே அடுக்கியிருக்கும் அழகில் மயங்காமல் அடியில் இருப்பதைப் புரட்டிப் பாருங்கள். வெள்ளரி, தக்காளி, கீரை ஆகியவற்றை முதல் இரண்டு நாளில் தீர்த்துவிட வேண்டும். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், சவ்சவ் ஒரு வாரம் பொறுக்கும்.

3. காய் நறுக்கித் தின்றால் மட்டும் வயிறு நிறையாது. ஒரு கிலோ வெள்ளரிக்காய் தின்றாலும் 150 கலோரி அளவுதான் கிடைக்கும். எட்டு மணிக்குச் சாலட், பத்து மணிக்கு டீக்கடை பஜ்ஜி என்றால் இரட்டைச் செலவு. தட்டில் தேங்காய், வேர்க்கடலை, வாழைப்பழம் மூன்றில் இரண்டேனும் இருக்கட்டும்.

4. பாதாமை மறந்துவிடலாம். வேர்க்கடலையில் 100 கிராமுக்கு சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. பாதாமைவிடக் கொஞ்சம் கூடுதல், விலையோ பல மடங்கு குறைவு. இரவே ஊறப்போட்டால் காலையில் பூப்போலக் கடிபடும். சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை பிடித்தது, கசப்பது எதையும் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள். பூஞ்சை விஷம் கல்லீரலைக் கெடுக்கும்.

5. முளைகட்டிய பச்சைப்பயறு இந்தச் சமையலறையின் ராஜா. ஒரு டம்ளர் பயறு இரண்டரை, மூன்று டம்ளராகப் பெருகும். காலையில் ஊறப்போட்டு, மாலையில் நீரை வடித்து, வெந்நீரில் அலசிய வெள்ளைத் துணியில் தளர்வாகக் கட்டி வடிதட்டில் வையுங்கள். மறுநாள் காலையில் வால் எட்டிப் பார்க்கும். இறுக்கிக் கட்டினால் நடுவில் இருப்பது மூச்சு முட்டிப் புளித்துப்போகும். சித்திரை வெயிலில் இடையில் ஒருமுறை அலசியே தீரவேண்டும். முகர்ந்தால் பச்சை வாசனை வர வேண்டும். புளித்த வாடையோ கையில் வழவழப்போ இருந்தால் கொட்டிவிடுங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. முளைவிடும் ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் பிடித்தமானவை. ஜெர்மனியில் 2011-ல் வெந்தய முளையிலிருந்து பரவியதாகக் கண்டறியப்பட்ட ஈ.கோலை தொற்றில் ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்களுக்கு இட்லித் தட்டில் நன்றாக ஆவி காட்டியே கொடுங்கள். அவர்களுக்குப் பச்சை வேண்டாம்.

6. தேங்காய் உடைத்தால் கண் உள்ள மூடியை முதலில் செலவழியுங்கள், அதுதான் சீக்கிரம் கெடும். மற்ற மூடியைச் சில்லாகப் பெயர்த்து, தண்ணீரில் மூழ்கவைத்து ஃபிரிட்ஜில் வைத்து, தண்ணீரைத் தினம் மாற்றினால் நாலைந்து நாள் தாங்கும். இளநீர் தினமும் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

7. அவல். நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துச் செய்வதால் இது கறாரான பச்சை உணவு இல்லை, வெல்லமும் காய்ச்சியதுதான். அந்த வழக்கைப் பட்டிமன்றத்துக்கு விட்டுவிடுவோம். கெட்டிச் சிவப்பு அவலைக் கல் நீக்கி அலசி, அரை மணி நேரம் ஊறவைத்து, தேங்காய்த் துருவல், பொடித்த வெல்லம், ஒரு பூவன் பழம் பிசைந்தால் மதியம் வரை பசிக்காது. மெல்லிய அவல் என்றால் அலசி வடித்தாலே போதும், ஊறப்போட்டால் கூழாகிவிடும்.

8. ராமநவமிக்குச் செய்யும் வடைப்பருப்பு வருஷத்துக்கு ஒருநாள் மட்டும் ஏன்? பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, வெள்ளரி, கேரட், மாங்காய், பச்சைமிளகாய், தேங்காய் சேர்த்து எலுமிச்சை பிழியுங்கள். உப்பைச் சாப்பிடும்போது போடுங்கள். முன்கூட்டிப் போட்டால் நீர்விட்டுச் சொதசொதவென்று ஆகிவிடும்.

9. கீரையில் பச்சையாக ருசிப்பது வல்லாரை. யாழ்ப்பாணத்து வல்லாரைச் சம்பலை ஒருமுறை செய்து பாருங்கள்: பொடியாக அரிந்த இலை, தேங்காய்த் துருவல், சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு, தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு). ஐந்து நிமிட வேலை. மல்லி, புதினாவையும் இப்படியே செய்யலாம். ஆனால் மூன்று தண்ணீர் விட்டு அலசுங்கள், மூன்றாவது பாத்திரத்தின் அடியில் மண் இருந்தால் நான்காவது தண்ணீர்.

10. சுரைக்காயைப் பச்சையாகச் சேர்க்கும் முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் தூக்கி எறியுங்கள். காசு போகிறதே என்று தேன் கலந்து குடிக்காதீர்கள். கசப்பான சுரைக்காய்ச் சாறு குடித்து நம் நாட்டில் உயிரிழந்தவர்கள் உண்டு. வெள்ளரி, பீர்க்கங்காய்க்கும் இதே விதி.

11. மரவள்ளிக்கிழங்கு, ராஜ்மா, மொச்சை, சோயா, சேனை, சேப்பங்கிழங்கு, உருளை: இவை வேகாமல் வாய்க்குள் போகக் கூடாது. ராஜ்மாவை முளைகட்டினாலும் அதன் நச்சு போகாது.

12. ஜூஸ் வேண்டாம். நாலு கேரட் போட்டால் ஒரு டம்ளர், சக்கை வடிகட்டியில். அதே நாலு கேரட்டைத் துருவினால் இரண்டு பேர் சாப்பிடலாம்.

13. ஆப்பிளுக்குக் கொடுக்கும் காசில் கொய்யா வாங்குங்கள். பழனிப் பக்கம் ஆயக்குடியிலிருந்து வருவது சீசனில் கூடை கூடையாக இறங்கும். ஆரஞ்சைவிட வைட்டமின் சி பல மடங்கு இதில் உண்டு. வாழைப்பழம் சீப்பாக எடுக்கும்போது பாதி பழுத்த சீப்பு ஒன்று, காய்ப்பதமாக ஒன்று என்று பிரித்து எடுத்தால் ஒரே நாளில் எல்லாம் கனிந்து மிரட்டாது.

14. பச்சைக் காய், பழத்தில் பி12 வைட்டமின் கிடையாது. நீண்ட நாள் தொடர்கிறவர்கள் தயிர், மோரை விடாதீர்கள். அதுவும் தொடமாட்டேன் என்பவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுக்கத்தான் வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ஒரு வேளைச் சோற்றை நிறுத்தினால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம், மருந்தின் அளவைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இளநீரிலும் வாழைப்பழத்திலும் உள்ள பொட்டாசியமே ஆபத்தாகலாம். மேலே சொன்ன பட்டியல் அவர்களுக்கு அல்ல.