தீர்ப்பு மட்டும் போதுமா?

1954-லேயே பள்ளிகளில் நிறப்பிரிவினை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதே, பிறகு 1965-இல் வாக்குரிமைச் சட்டம் எதற்கு?
– வாசகர், திண்டுக்கல்

தீர்ப்பளித்தவர்கள் நீதிபதிகள், அதை நிறைவேற்ற வேண்டியவர்களோ, தென் மாநிலங்களில் பெரும்பாலும் வெள்ளையர் வாக்குகளால் பதவிக்கு வந்தவர்கள். கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்க மனமின்றி, வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டி 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளையே இழுத்து மூடியது. இத்தகைய ஆட்சியாளர்களை மாற்றக் கறுப்பினத்தவருக்கு வாக்கு வேண்டும். அந்த உரிமையை 1870-லேயே அரசியல் சாசனம் தந்ததே என்பீர்கள். தந்ததை எழுத்தறிவுத் தேர்வும் வாக்கு வரியும் பறித்தன. 1965 சட்டம் அந்தத் தேர்வுகளை நிறுத்தி, மத்திய அரசின் அதிகாரிகளை அனுப்பியது. மிசிசிப்பியில் 7 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த கறுப்பின வாக்காளர் பதிவு, 1967-க்குள் ஏறக்குறைய 60 சதவீதமானது. பிரிவினை காட்டும் பள்ளிகளுக்கு மத்திய நிதியை மறுத்த 1964 சட்டமும் உதவியது உண்மைதான். ஆனால், நீதிமன்றம் தந்த உரிமையைக் கட்டிக்காக்க வாக்குச்சீட்டு வேண்டும்.