பல் இம்ப்ளான்ட்டுக்கு எந்த கேப்?

தாடை எலும்பில் பதிக்கப்படும் டைட்டானியத் திருகாகிய இம்ப்ளான்ட்டின் மேல் பொருத்தும் பல் வடிவ உறையே கிரவுன். பேச்சு வழக்கில் அது கேப் எனப்படுகிறது. இயற்கைப் பல்லைச் சுற்றி அழுத்தத்தை உணர்ந்து தாங்கும் மெல்லிய நார்த்திசு இம்ப்ளான்ட்டுக்கு இல்லாததால், கடியின் விசை கிரவுனிலும் திருகிலும் நேரடியாக இறங்குகிறது. ஆகவே ஆரணித் தறிகளில் பட்டிழையைப் பல்லால் கடித்து அறுக்கும் பழக்கமோ, கொட்டைப்பாக்கு மெல்லும் பழக்கமோ உடையவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கடைவாய்ப் பல்லுக்கு, மிக உறுதியான வெண்பீங்கானாகிய சிர்கோனியா பெரும்பாலும் பொருந்தும். ஆனால் எதிர்ப்பல் தேயாதிருக்க அதன் மேற்பரப்பு நன்கு மெருகிடப்பட்டிருக்க வேண்டும். ஒளியை ஊடுருவவிடும் லித்தியம் டைசிலிகேட் முன்பல்லுக்கு அழகு தருமெனினும், அதன் வலிமை வழக்கமான சிர்கோனியாவில் பாதியளவுகூட இராது. உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய வகை விலை குறைந்தது. பூச்சு பெயரக்கூடும், உலோகக் கலவையில் நிக்கல் இருந்தால் கவரிங் நகை அணிந்து தோல் அரிப்பவர்களுக்கு அது ஒவ்வாமல் போகலாம்.

பொருளைப் போலவே பொருத்தும் முறையும் முக்கியம். திருகால் பொருத்திய கிரவுனைப் பழுதுபார்க்கக் கழற்றலாம். சிமென்டால் ஒட்டும்போது ஈறுக்குள் மிச்சம் தங்கிவிட்டால், அழற்சி உண்டாகிச் சுற்றியுள்ள எலும்பே கரையக்கூடும். ஐயமிருப்பின் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மறு ஆலோசனை பெறலாம். இம்ப்ளான்ட்டின் நிறுவனப் பெயரும் அளவும் குறித்த அட்டையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துக.