கைக்கடிகாரத் துப்புரவு

காலங்காட்டும் கருவியைத் துப்புரவாக வைத்திருத்தல் அதனை அணிவோர் கடமையாம். ஆயினும், துப்புரவு செய்யும் ஆர்வத்தாலேயே நல்ல கடிகாரங்கள் பல கெட்டொழிகின்றன. ஆதலின், வீட்டில் செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

கடிகாரத்திற் சேரும் அழுக்கிற் பெரும்பகுதி நம் உடலினின்றே வருவது. வியர்வையின் உப்பும், தோலின் எண்ணெய்ப் பசையும், புழுதியும் ஒன்றுகூடிப் பின்மூடியின் விளிம்பிலும், சங்கிலியின் கணுக்களிலும், சாவி கொடுக்கும் குமிழின் அடியிலும் படிகின்றன. உப்பு உலோகத்தை அரிக்கும். இவ்வழுக்கைப் போக்குதலே இல்லத்தில் செய்தற்குரிய பணி.

முதற்கண், குமிழ் நன்கு உள்ளழுந்தியிருத்தலை உறுதி செய்க. திருகுகுமிழாயின் இறுகத் திருகுக. மேசைமேல் துணி விரித்து, சங்கிலியைக் கழற்றுக. வார்க்கம்பிகள் தெறித்து மறைதல் எளிது. துணி அவற்றைத் தாங்கிக்கொள்ளும். உலோகச் சங்கிலியை மட்டும் வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, மெல்லிய பல்துலக்கியால் தேய்த்து, நன்னீரில் அலசித் துடைத்து உலர்த்துக. தோல்வாரை ஊறவைத்தல் ஆகாது. ஈரத்துணியால் ஒற்றியெடுத்து நிழலில் உலர்த்துதல் போதும். கடிகாரத்தையோ, நன்கு பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுக. பழைய கடிகாரங்களின் முகப்புக் கண்ணாடி பெரும்பாலும் பிளாஸ்டிக்கே. அதன்மேற் சாராயம் படின் நுண்ணிய வெடிப்புகள் தோன்றக்கூடும்.

நிற்க. நீர் புகாதென்று பொறிக்கப்பட்டிருத்தலை நம்பிக் கடிகாரத்தைக் குழாயடியிற் பிடிப்பார் உளர். நீரைத் தடுப்பது உள்ளிருக்கும் ரப்பர் வளையம். அஃது ஆண்டுகள் செல்லச்செல்ல இறுகிப் பிளவுறும். 30 மீட்டர் என்னும் குறிப்பு சோதனையில் தாங்கிய அழுத்தத்தைச் சுட்டுவது. அவ்வாழத்தில் மூழ்கலாம் என்பது அதன் பொருளன்று.

பின்மூடியைத் திறத்தலோ முற்றும் விலக்கத்தக்கது. ஜப்பானியரின் சிட்டிசன் நிறுவனத் துணையுடன் 1961ஆம் ஆண்டு பெங்களூரில் ஹெச். எம். டி. கடிகாரத் தொழிற்சாலை தொடங்கிற்று. அதன் ‘ஜனதா’ கடிகாரங்கள் இன்றும் பல இல்லங்களில் முன்னோர் நினைவாகப் போற்றப்படுகின்றன. அவற்றின் சமன்சக்கரம் மணிக்கு 18,000 முறை துடிப்பது. ஒரு தூசு அதன் நடையைக் கெடுக்கும். ஓடாத கடிகாரத்துள் ஒரு துளி தேங்காயெண்ணெய் இடுவாரும் உளர். அது பரவிப் பிசினாகிச் சக்கரங்களைப் பற்றிக்கொள்ளும். அக்கடிகார நிறுவனத்தை மூட அரசு 2016ஆம் ஆண்டில் முடிவு செய்துவிட்டமையின், உடைந்த உறுப்புக்கு ஈடாகத் தொழிற்சாலையினின்று புதியது வருமென எதிர்பார்த்தற்கில்லை.

கண்ணாடியின் உட்புறம் பனி படிந்தாற்போற் காணப்படின், வெயிலிலோ அடுப்பருகிலோ வையாது, அன்றே கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் கொண்டு செல்க. ஓரிரு நாள் தாழ்ப்பினும் உள்ளுறுப்புகளில் துருவேறும்.

முன்னோர் நம்மிடம் ஒப்புவித்த பொருளுக்கு நாம் உக்கிராணக்காரரே. நல்ல உக்கிராணக்காரன் தன்னால் இயல்வதைச் செவ்வனே செய்வான். இயலாததை அறிந்தோன் கையில் ஒப்படைப்பான்.