முனைவோர் பிறக்கின்றனரா, உருவாகின்றனரா?
தொழில் முனைவுப் பயிற்சி குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

வணிகம் செய்வது வணிகக் குடியிற் பிறந்தார்க்கே கைவரும் என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. தந்தை கடை நடத்தினால் மகன் கல்லாவில் அமர்வதும், தந்தை அலுவலகம் சென்றால் மகனும் அலுவலகம் தேடுவதும் இயல்பெனக் கருதப்படுகின்றன. பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் சொந்தமாகத் தொழில் தொடங்க விரும்புவதாகக் கூறின், வீட்டார் முதற்கண் எழுப்பும் வினா, “நம் குடும்பத்தில் இதற்கு முன் யார் தொழில் செய்தார்கள்?” என்பதேயாகும். மகளிராயின் அவ்வினா இருமடங்கு வலிமையுடன் எழும்.

எளிய வினாவாகத் தோன்றினும் இதனுள் ஒரு கோட்பாடு மறைந்து கிடக்கின்றது. முனைவுத் திறம் குருதியில் வருவது. கற்பித்தால் வாராதது என்பதே அக்கோட்பாடு. இஃது உண்மையாயின் தொழில் முனைவுப் பயிற்சி நிலையங்கள் யாவும் வீண் செலவாம். பொய்யாயின், வாயிலிலேயே தடுத்து நிறுத்தப்படும் இளைஞர்க்கு நாம் பெருந்தீங்கு இழைப்பவராவோம். எனவே இவ்வினாவிற்குரிய விடையைச் சான்றுகளின் வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

‘முனை’ என்னும் சொல் கூர்மையையும் போர்க்களத்து முன்னணியையும் குறிக்கும். ‘முனைதல்’ என்பது ஒரு செயலில் ஊக்கத்துடன் தலைப்படுதலாகும். ஆய்வில் முனைந்தார்க்கு ‘முனைவர்’ பட்டம் வழங்குகின்றோம். தொழிலில் முனைந்தாரைத் ‘தொழில் முனைவோர்’ என்கின்றோம். இவ்விரு சொற்களும் ஒரே வேரினின்று கிளைத்தவை என்பது கருதத்தக்கது.

பொருளியலில் இக்கருத்தைத் தெளிவாக வரையறுத்த முன்னோடிகளுள் ஒருவர் ரிச்சர்டு காண்டிலான் என்பவர். அயர்லாந்திற் பிறந்து பாரிசு நகரில் வங்கித் தொழில் செய்த இவரது நூல், இவர் மறைவிற்குப் பின்னர் 1755-இல் வெளிவந்தது. நிலக்கிழார்க்கு இவ்வளவு குத்தகை தருவேன் என உறுதி கூறிப் பயிரிடும் உழவனை இவர் முனைவோனுக்கு எடுத்துக்காட்டாகக் காட்டுகின்றார். அவ்வுழவன் கொடுக்க வேண்டிய தொகை முன்னரே அறியப்பட்டது. அவனுக்கு வரவேண்டிய தொகையோ அறியப்படாதது. அறிந்த செலவிற்கும் அறியாத வரவிற்கும் இடையே நிற்கத் துணிபவனே முனைவோன் என்பது இதனாற் பெறப்படும். இத்துணிவைப் பயிற்றுவிக்க இயலுமா என்பதே நம் வினா.

காக்கிநாடா ஆய்வு

இவ்வினாவிற்கு விடை காணும் முயற்சி ஒன்று நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. ஆர்வர்டு பல்கலைக்கழக உளவியல் அறிஞர் டேவிட் மெக்கிளிலாந்து 1961-இல் வெளியிட்ட நூலொன்றில், ஒரு சமுதாயத்தின் பொருளியல் வளர்ச்சிக்கும் அம்மக்களிடம் காணப்படும் ‘சாதனை ஊக்கத்திற்கும்’ தொடர்புண்டு என வாதிட்டார். செய்யும் செயலை முன்னினும் செம்மையாகச் செய்து முடிக்க வேண்டும் என்னும் உள்ளுந்துதலே சாதனை ஊக்கமாகும். பணத்தாசை வேறு, சாதனை ஊக்கம் வேறு என்பது அவர் கருத்து. சாதனை ஊக்கம் உடையார்க்குப் பணம் என்பது தம் செயல் எவ்வளவு தேறியது என்பதைக் காட்டும் அளவுகோல் மட்டுமே.

இவ்வூக்கத்தை வளர்ந்தவர்களிடமும் வளர்க்க இயலுமா எனச் சோதிக்க, ஆந்திர மாநிலத்துத் துறைமுக நகரமான காக்கிநாடாவை அவர் தேர்ந்தார். ஐதராபாத்தில் இயங்கிய சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்துடன் இணைந்து 1964-ஆம் ஆண்டு வாக்கில் இச்சோதனை தொடங்கப்பெற்றது. காக்கிநாடாவின் வணிகர், சிறுதொழில் நடத்துவோர் ஆகியோருள் 52 பேர் தேர்ந்தெடுக்கப்பெற்றுக் குழுக்களாகப் பயிற்சி பெற்றனர்.

அப்பயிற்சியிற் கணக்கியலோ சட்டமோ முதன்மை பெறவில்லை. பங்கேற்போர்க்குப் படம் ஒன்று காட்டப்பெறும். அதனைக் கண்டு அவர்கள் ஒரு கதை எழுத வேண்டும். மேசை முன் அமர்ந்திருக்கும் ஒருவரின் படத்தைக் கண்டு, ‘இவர் வீட்டு நினைவில் மூழ்கியுள்ளார்’ என எழுதுவாரும் உண்டு. ‘இவர் தம் வேலையில் நேர்ந்த இடர் ஒன்றைத் தீர்க்க வழி தேடுகின்றார்’ என எழுதுவாரும் உண்டு. ஒருவர் உள்ளம் இயல்பாக எத்திசையில் ஓடுகின்றது என்பதைக் கதை காட்டிவிடும். தம் கதைகளைத் தாமே மதிப்பிடக் கற்ற பின்னர், பங்கேற்போர் தம் எண்ணப் போக்கையும் மாற்றிக்கொள்ளப் பழகினர். எட்டத்தக்க இலக்கை வகுத்தல், தம் செயலின் விளைவை அடிக்கடி அறிந்து திருத்திக்கொள்ளல், சாதித்தோரை முன்மாதிரியாகக் கொள்ளல் ஆகியனவும் பயிற்றுவிக்கப்பெற்றன.

பின்னர் நிகழ்ந்த மதிப்பீட்டில், பயிற்சி பெற்றோர் பெறாதோரினும் மிகுதியாகப் புதிய முயற்சிகளில் ஈடுபட்டமையும், கூடுதலாக முதலீடு செய்தமையும் புலப்பட்டன. மரபுவழி நம்பிக்கைகளும் பழக்கவழக்கங்களும் முனைவிற்கு நீக்க முடியாத தடையாகா என்பதும், தக்க பயிற்சியால் ஊக்கம் வளரும் என்பதும் இவ்வாய்வின் முடிபுகளாயின. மெக்கிளிலாந்தும் டேவிட் விண்டரும் இணைந்து இவற்றை 1969-இல் நூலாக வெளியிட்டனர்.

வளைய விளையாட்டு தரும் பாடம்

சாதனை ஊக்கத்தை விளக்க மெக்கிளிலாந்து கையாண்ட விளையாட்டு ஒன்று மாணவர் மனங்கொள்ளத்தக்கது. தரையில் முளைக்கோல் ஒன்று நடப்பெற்றிருக்கும். வளையங்களை எறிந்து அதில் விழச் செய்ய வேண்டும். எவ்வளவு தொலைவில் நின்று எறிவது என்பது ஆடுவோர் விருப்பம்.

சிலர் கோலின் அருகிலேயே நின்று எறிவர். வளையம் தவறாது விழும். ஆயினும் அதில் திறமைக்கு இடமில்லை. சிலர் மிகத் தொலைவில் நிற்பர். விழுந்தால் வியப்பு, விழாவிடினும் பழியில்லை. அங்கும் திறமைக்கு இடமில்லை. எல்லாம் குருட்டு வாய்ப்பே. சாதனை ஊக்கம் மிக்கவரோ நடுத்தொலைவைத் தேர்வர். முயன்றால் விழும், முயலாவிடில் விழாது என்னும் இடமே அவர்க்கு உவப்பானது.

முனைவோர் கண்ணை மூடிக்கொண்டு துணிபவர் என்னும் பொதுக்கருத்து இவ்விளையாட்டினாற் பொய்யாகின்றது. பரிசுச் சீட்டு வாங்குபவர் தொலைவில் நின்று எறிபவரோடு ஒப்பர். இடரின் அளவை எண்ணிப் பார்த்து, தம் உழைப்பு விளைவை மாற்றக்கூடிய இடத்தில் நிற்பவரே முனைவோர். இஃது அளந்தறியும் ஆற்றலாதலின், பழக்கத்தால் வளரக்கூடியதே.

பயிற்சி இயக்கம் பரவுதல்

காக்கிநாடா ஊன்றிய விதை பிற இடங்களிலும் முளைத்தது. குசராத்து மாநிலத் தொழில் வளர்ச்சி நிறுவனங்கள் 1970 முதல் தொழில் முனைவோர் மேம்பாட்டுப் பயிற்சிகளை நடத்தலாயின. வணிகப் பின்னணி இல்லாதாரும் அவற்றிற் பங்கேற்றனர். இப்பட்டறிவின் அடிப்படையில் 1983-இல் அகமதாபாத்தில் இந்தியத் தொழில் முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் தோன்றியது. ஊக்கமூட்டலோடு, தொழில் வாய்ப்பைக் கண்டறிதல், சந்தை ஆய்வு, திட்ட அறிக்கை வரைதல், கணக்கு வைத்தல் ஆகியனவும் பாடங்களாயின.

கருத்து உருமாறும் களம்

அண்மைக் காலப் பயிற்சிகள் முனைவோரின் உள்ளத்தோடு அவர்தம் கருத்தையும் பக்குவப்படுத்துகின்றன. அமெரிக்காவில் பால் கிரகாம், செசிகா லிவிங்சுடன் முதலியோர் 2005-இல் ‘ஒய் காம்பினேட்டர்’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். புத்தொழில் குழுக்களுக்குச் சிறுமுதல் அளித்து, சில மாதம் அருகிருந்து வழிகாட்டுவது அதன் முறை.

அதன் முதல் அணியில் சேர விண்ணப்பித்தோருள் இசுடீவ் அப்மன், அலெக்சிசு ஒகானியன் என்னும் இரு மாணவர் இருந்தனர். கைப்பேசி வழி உணவு கேட்டுப் பெறும் திட்டத்தை அவர்கள் முன்வைத்தனர். அது மறுக்கப்பட்டது. ஆயினும் மறுத்தோரே அவர்களை மீண்டும் அழைத்து, ‘கருத்தை மாற்றிக்கொள்வதாயின் வரலாம்’ என்றனர். அவ்வாறு பிறந்ததே ‘ரெடிட்’ என்னும் இணையத்தளம். முதலில் தோன்றும் கருத்து முடிந்த கருத்தன்று என்பதை இந்நிகழ்ச்சி விளக்கும்.

தங்கள் வீட்டில் விருந்தினரைத் தங்கவைத்து 2007-இல் தொழிலைத் தொடங்கிய ‘ஏர்பிஎன்பி’ நிறுவனத்தார் 2009-இல் அதே பயிற்சியிற் சேர்ந்தபோது, அவர்கள் பெற்ற அறிவுரை மிக எளியது. வாடிக்கையாளர் நியூயார்க்கில் இருப்பின், நீங்களும் அங்கே செல்லுங்கள் என்பதே அது. சென்று பார்த்தபோது, வீட்டுக்காரர்கள் எடுத்த படங்கள் தெளிவற்றிருந்தமை தெரிந்தது. அவர்களே வீடு வீடாகச் சென்று நல்ல படங்கள் எடுத்துத் தந்தனர், முன்பதிவு பெருகியது. இருக்கையில் அமர்ந்து எத்துணை எண்ணினும் இக்குறை புலப்பட்டிருக்காது.

இவ்வுண்மையை ஒரு பாடத்திட்டமாகவே ஆக்கியது, அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011-இல் தொடங்கிய பயிற்சியாகும். இசுடீவ் பிளாங்கு வகுத்த முறையின்படி, ஆய்வகத்தில் ஒரு பொருளைக் கண்டறிந்த குழுவினர், அதனை வாங்கக்கூடியவர் எனத் தாம் கருதும் 100 பேரை நேரிற் கண்டு உரையாட வேண்டும். பொருளை விற்பதற்காக அன்று. அவர்தம் இடர்ப்பாட்டை அறிவதற்காகவே அவ்வுரையாடல்.

ஒரு கணக்கு

கருத்தைச் சோதிப்பது எங்ஙனம் என்பதனை ஒரு கற்பனைக் கணக்கின் வழி காண்போம். மாணவி ஒருவர் அலுவலகங்களுக்கு மதிய உணவு சமைத்து வழங்க எண்ணுகின்றார் எனக் கொள்வோம். ஓர் உணவின் விலை 60 ரூபாய். அரிசி, காய்கறி முதலியவற்றிற்கு 32 ரூபாய், பொதிவதற்கு 5 ரூபாய், கொண்டு சேர்ப்பதற்கு 8 ரூபாய் ஆக 45 ரூபாய் செலவு போக, ஓர் உணவிற்கு 15 ரூபாய் எஞ்சும். நாளொன்றுக்கு 40 உணவு, மாதம் 25 நாள் எனின் 15,000 ரூபாய் கிடைக்கும். கேட்பதற்கு இனிமையாக உள்ளது.

ஆனால் சமையலுக்குத் துணை நிற்பவர் ஊதியம் 12,000 ரூபாயும், வாடகையும் எரிவாயுவும் 5,000 ரூபாயும் ஆனால், மாதந்தோறும் 2,000 ரூபாய் இழப்பே மிஞ்சும். நாளொன்றுக்கு 46 உணவு விற்றாலன்றிக் கைப்பொருள் கரையும். 60 உணவு விற்பின் 5,500 ரூபாய் மிகும். எனவே அம்மாணவி விடை தேட வேண்டிய வினா, ‘என் சமையல் சுவையானதா?’ என்பது மட்டுமன்று. ‘நாள்தோறும் 60 பேர் தவறாது வாங்குவரா?’ என்பதுமாகும். கடை பிடிக்கும் முன்னர் இருவாரம் வீட்டிலேயே சமைத்து விற்றுப் பார்த்தால் அவ்வினாவிற்கு விடை கிடைக்கும். விடை ‘இல்லை’ எனினும் அவர் இழந்தது சிறுதொகையே. தாயின் நகை அடகிற்குப் போகாது. தாளில் தோற்பதும் சிறிய அளவில் தோற்பதும் பயிற்சியின் பயன்களே.

பயிற்சியின் எல்லை

பயிற்சியால் ஆகாதனவும் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையன்று. காக்கிநாடாவிலேயே, தம் தொழிலில் முடிவெடுக்கும் உரிமை பெற்றிருந்தோர் அடைந்த பயனை, அவ்வுரிமை இல்லாதோர் அடையவில்லை. ஊக்கம் பெற்ற மகனுக்குக் கடைச்சாவி கிட்டாவிடின் அவ்வூக்கம் உள்ளேயே வாடும். இங்குப் பெரியோர்க்குரிய பாடம் ஒன்று உள்ளது. இளையோரைப் பயிற்சிக்கு அனுப்புவதோடு அமையாது, சிறிதேனும் தாமே முடிவு செய்யும் உரிமையை அவர்க்கு அளித்தல் வேண்டும்.

முதலும் கடனும் சந்தையும் பயிற்சியினாற் பிறப்பன அல்ல. கடன் பெறுதற்குரிய சான்றிதழை நாடி மட்டும் பயிற்சிக்கு வருவாரும் உளர். அவர்தம் கையில் தாள் இருக்கும், தொழில் இராது. நன்கு பயின்றோரும் தோற்பதுண்டு. தோற்றவரைச் சுற்றத்தார் எள்ளி நகையாடும் சூழலில், அடுத்தவர் முன்வர அஞ்சுவர். தோல்வியிற் கற்றதை எடுத்துரைக்க இடமளிக்கும் சமுதாயத்திலேயே பயிற்சி முழுப்பயன் தரும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், முனைவுத் திறம் பிறப்பினால் மட்டும் வருவதன்று என்பது தெளிவாகின்றது. வணிகக் குடியிற் பிறந்தார்க்கு ஒரு நன்மை உண்டு; அவர் சிறுவயது முதல் கொள்வோர் முகத்தையும் கணக்கேட்டையும் கண்டு வளர்ந்தவர். ஆழ்ந்து நோக்கின் அதுவும் ஒரு பயிற்சியே. வீட்டில் அது கிடையாதார்க்கு வெளியே அதனை அளிப்பதே பயிற்சித் திட்டங்களின் பணி.

மாணவமணிகளே! உங்கள் உள்ளத்தில் தொழிற் கருத்து ஒன்று தோன்றின் அதனைப் பூட்டி வைக்காதீர். வாங்கக்கூடியவர் பத்துப் பேரையேனும் கண்டு கேளுங்கள். வரவையும் செலவையும் ஒரு தாளில் எழுதுங்கள். மிக அருகிலும் மிகத் தொலைவிலும் நில்லாது நடுத்தொலைவில் நின்று வளையத்தை எறியுங்கள். தவறினால், எவ்வளவு தவறிற்று என்பதை நோக்கி மீண்டும் எறியுங்கள். “நம் குடும்பத்தில் இதற்கு முன் யார் தொழில் செய்தார்கள்?” என வீட்டார் வினவின், ஒவ்வொரு வணிகக் குடும்பத்திலும் முதலில் ஒருவர் தொடங்கியே இருத்தல் வேண்டும் எனப் பணிவுடன் விடை கூறுங்கள்.