கைப்பேசி கொண்டு வயல் அளத்தல்

பெரணமல்லூர் வட்டாரத்தில் நடவுக்கூலி பேசுங்காலத்தும், மணிலாக்கொட்டை விதை வாங்குங்காலத்தும் நிலத்தின் விஸ்தீரணத்தைப் பற்றித் தகராறு எழுவதுண்டு. பட்டாவில் ஒரு ஏக்கர் என்றிருப்பினும், கிணறும் களமும் வண்டிப்பாதையும் போகப் பயிரேறும் பரப்பு குறைந்தே இருக்கும். ஏக்கருக்கு 50 கிலோ விதைப்பருப்பு எனக் கொண்டால், 20 சென்ட் தவறாகக் கணித்தவர் 10 கிலோ விதையை வீணே வாங்கியவராவார். இப்பரப்பைக் குடியானவர் தாமே அறிவதற்குக் கைப்பேசி இப்போது உதவுகின்றது.

பூமிக்கு மேல் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. குறைந்தது நான்கு கோள்களின் அலைகள் வந்துசேரும் நேரத்தைக் கணக்கிட்டுக் கைப்பேசி தான் இருக்குமிடத்தை அறிகின்றது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரையில் பொதுமக்களுக்குரிய அலையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தது. அது நீங்கிய பின்னரே வயல் அளவுக்கு இம்முறை பயன்படலாயிற்று. டவர் கிட்டாத ஏரிப்புறத்திலும் இது வேலை செய்யும். திரையில் நிலப்படம் தோன்றுவதற்கே இணையம் வேண்டும். இதனை அறியாது பாதி வழியில் திரும்பிவிடுவோர் பலர்.

அளப்பவர் முதலில் திறந்த வெளியில் சில நிமிஷங்கள் நிற்றல் வேண்டும். புளியமரத்தடியிலும் கட்டடத்தை ஒட்டியும் நிற்பின் அலை தடைப்பட்டுப் பிழை மிகும். நிலப்படத்தில் தம் இடத்தைச் சுற்றித் தோன்றும் வட்டம் சுருங்கிய பிறகு, பரப்பளக்கும் செயலியைத் தொடங்கி, வரப்போரமாக இடைநில்லாது ஒருமுறை சுற்றிவந்து புறப்பட்ட இடத்திலேயே முடித்தல் நன்று. இருமுறை சுற்றி இரண்டு அளவையும் ஒப்பிடுதல் அதனினும் நன்று.

திறந்த வெளியிலும் சாதாரணக் கைப்பேசியில் ஏறக்குறைய 5 மீட்டர் பிழை உண்டு. சிறிது நேரத்திற்குள் சுற்றி முடித்தால், அப்பிழை பெரும்பாலும் எல்லா முனைகளையும் ஒரே பக்கமாக நகர்த்தும். ஆகவே வயல் முழுதும் சற்றுத் தள்ளி நிற்குமேயன்றிப் பரப்பு அதிகம் மாறாது. விதைக்கும் கூலிக்கும் இது போதும். பத்து சென்ட் துண்டுக்கு நாடா பிடிப்பதே மேல்.

எல்லை விஷயமோ வேறு. ஏக்கர் அளவுள்ள சதுர வயலின் ஒரு பக்கம் ஏறக்குறைய 64 மீட்டர். அப்பக்கத்து வரப்பு 5 மீட்டர் தள்ளிப்போயின் 8 சென்ட் நிலம் கைமாறிவிடும்! எல்லைக்கல் காணாத இடத்தில் கைப்பேசியைக் காட்டி வரப்பை வெட்டுதல் எவ்வகையிலும் தகாது. நில அளவருக்கு மனுச்செய்து, புலப்படத்தின்படி அளப்பித்துக் கல் நாட்டுதலே முறையாகும்.

2024-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் வேளாண்மைக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு கைப்பேசிவழிப் பயிர்க்கணக்கு எடுக்கப்பட்டது. இத்தகைய கணக்கெடுப்பில் வரப்பின்மீது நின்று படம் பிடிப்பவரின் இடம் அடுத்த புல எண்ணில் விழக்கூடும். ஒருவரது நெல் மற்றொருவரது கரும்பாகப் பதிவாயின், வெள்ளச் சேதத்திற்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் கேட்கும்போது உடையவரே அலைய நேரிடும். ஆகையால் கிராம அலுவலர்களும் பதிவு செய்வோரும் வயலின் நடுவே நின்று படம் எடுப்பாராக. நிலமுடையவரும் அன்று உடனிருந்து, புல எண்ணையும் உட்பிரிவையும் பட்டாவோடு ஒத்துப்பார்த்து, பின்னர் அடங்கலிலும் சரிபார்த்துக்கொள்ளல் வேண்டும்.