எத்தனையில் எத்தனை?

நுழையும்முன்

ஓர் இளம் வீரரின் திறனை அளக்கக் கண் போதுமா, கணக்கு வேண்டுமா? கணக்கு வேண்டும் எனில் எதை எண்ணுவது, எதனோடு ஒப்பிடுவது? அரியலூரிலிருந்து இந்திய அணி வரை சென்ற ஒரு வளைகோல் பந்து வீரரின் கோல்களை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

பெரம்பலூர் வட்டாரத்தில் சின்ன வெங்காயம் அறுவடையாகும் காலத்தில் இரண்டு உழவர்கள் சந்தித்தால் முதலில் எழும் கேள்வி, “எத்தனை மூட்டை?” என்பது. அதற்கு விடை கிடைத்ததும் அடுத்த கேள்வி வந்துவிடும்: “எத்தனை ஏக்கரில்?” இரண்டாம் கேள்விக்கு விடை தெரியாமல் எவரும் எவருடைய வேளாண்மையையும் பாராட்டுவதில்லை. விளையாட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் நாம் முதற்கேள்வியோடு நின்றுவிடுகிறோம். “இருபது புள்ளி எடுத்தான்” என்ற செய்தி பள்ளி முழுவதும் பரவுகிறது. எத்தனை எறிவுகளில் எடுத்தான் என்று கேட்பார் இல்லை.

கூடைப்பந்தில் பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்துபவரைக் ‘கார்டு’ என்பர். ஓர் ஆட்டத்தில் இரண்டு இளம் கார்டுகள் ஆடியதாகக் கற்பனை செய்துகொள்வோம். முதலாமவர் 20 முறை எறிந்து 20 புள்ளி பெற்றார். இரண்டாமவர் 10 முறை எறிந்தார். எதிரணியின் தவறுகளுக்காக 5 தனி எறிவுகளும் அவருக்குக் கிடைத்தன. அவர் பெற்றவை 16 புள்ளிகள். மறுநாள் செய்தித்தாளில் முதலாமவர் பெயரே இடம்பெறும். ஆனால், எறிந்து தவறிய ஒவ்வொரு பந்தும் பெரும்பாலும் எதிரணியின் கைக்குப் போகிறது. அணித்தோழர் ஒருவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய வாய்ப்பும் அதனோடு போகிறது.

இதனை அளக்க எளிய வாய்பாடு ஒன்று உண்டு. எடுத்த புள்ளிகளை, செலவிட்ட வாய்ப்புகளின் இருமடங்கால் வகுக்க வேண்டும். இருமடங்காக்குவதற்குக் காரணம், வழக்கமான ஒரு கூடைக்கு இரண்டு புள்ளி என்பதே. தனி எறிவுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக வருவதால் ஒன்றை அரை வாய்ப்பாகக் கொள்ளலாம். கூடை விழுந்த பின்னும் கூடுதலாக ஒரு தனி எறிவு கிடைக்கும் நேரங்களும் உண்டு. ஆதலால் வல்லுநர்கள் அந்த அரையைச் சற்றுக் குறைத்து 0.44 என்று கொள்கின்றனர். இக்கணக்கின்படி முதலாமவரின் திறன் 20 ÷ 40, அதாவது 50 விழுக்காடு. இரண்டாமவர் செலவிட்ட வாய்ப்புகள் 10 + 2.2 = 12.2; அவரது திறன் 16 ÷ 24.4, ஏறத்தாழ 66 விழுக்காடு.

இந்த 66-ஐக் கண்டு உடனே மகிழ்ந்துவிடலாகாது. இரண்டாமவர் இட்ட கூடைகளுள் ஒன்று வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே விழுந்திருந்தால் அவரது விழுக்காடு 57 ஆகச் சரிந்திருக்கும். ஒரே பந்து, இவ்வளவு வேறுபாடு! ஓர் ஆட்டத்தின் கணக்கு ஓர் ஆட்டத்தையே சொல்லும். ஆளைச் சொல்வதற்குப் பல ஆட்டங்கள் வேண்டும்.

இதனை வெறும் எண் விளையாட்டாக எண்ணுவதற்கில்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கான தேர்வில் கலந்துகொள்ளும் மாணவர் ஒருவரைத் தேர்வாளர்கள் காணும் நேரம் மிகக் குறைவு. அந்நேரத்தில் கண்ணுக்குப் பளிச்செனத் தெரிவது புள்ளி எடுப்பவரின் ஆட்டம். பந்தைச் சரியான கைக்குக் கொடுத்தவரும் எதிராளியை எறியவிடாமல் மறித்தவரும் கண்ணில் படாமல் வீடு திரும்ப நேரிடலாம். அங்கே பரிந்து பேச ஆளில்லாத ஊர்ப்புறத்து மாணவருக்கு, நேர்மையாக எழுதப்பட்ட ஓர் ஆட்டக் குறிப்பேடுதான் பேச வேண்டும்.

சிமென்ட் ஆலைகளுக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் பெயர்பெற்ற அரியலூரிலிருந்து வந்தவர் கார்த்தி செல்வம். கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற முன்கள ஆட்டக்காரர். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசியக் கோப்பை ஹாக்கிப் போட்டியில், பாகிஸ்தானுக்கு எதிராக இந்திய அணிக்கு அறிமுகமானார். அந்த முதல் ஆட்டத்திலேயே, 9ஆம் நிமிடத்தில், பெனால்டி கார்னர் வாய்ப்பிலிருந்து கோல் அடித்தார். ஆட்டம் 1–1 எனச் சமனில் முடிந்தது. அடுத்து ஜப்பானிடம் இந்தியா 2–5 எனத் தோற்றது. அதில் அவருக்குக் கோல் இல்லை. மூன்றாவதாக இந்தோனேசியாவை இந்தியா 16–0 என வென்றது. அதில் அவர் அடித்தவை இரண்டு கோல்கள். மூன்று ஆட்டங்களில் மூன்று கோல்கள்.

ஆட்டத்திற்கு ஒரு கோல் என்னும் சராசரி அறிமுக வீரர் எவருக்கும் பெருமைதான். ஆனால், கணக்கறிந்தவர் உடனே கேட்பார்: யாருக்கு எதிராக? பாகிஸ்தானுக்கு எதிரான ஒன்றும் இந்தோனேசியாவுக்கு எதிரான இரண்டும் ஒரே எடை உடையவையா? ஓர் அணி 16 கோல்கள் வாங்கும் ஆட்டத்தில் அடித்த கோலைக் குறைத்து மதிப்பிடுவதே அறிஞர் வழக்கம். எளிய எதிராளியிடம் பெற்ற எண்கள் ஒருவரை உயரமாகக் காட்டிவிடும் என்பது அவர்கள் எச்சரிக்கை. பொதுவாக அது சரியானதே.

அன்றைய நிலையை நோக்கினால் கதை வேறாகிறது. இந்தியாவும் பாகிஸ்தானும் வெற்றியிலும் புள்ளியிலும் சமமாக முடியும் நிலை. அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்துப் பெறும் கோல் வேறுபாடே அடுத்த சுற்றுக்குச் செல்பவரை முடிவுசெய்யும். பாகிஸ்தான் இந்தோனேசியாவை 13–0 என வென்று, ஜப்பானிடம் 2–3 எனத் தோற்றிருந்தது; அதன் வேறுபாடு +12. இந்தியாவின் வேறுபாடு கடைசி ஆட்டத்திற்கு முன் −3. குறைந்தது 15 கோல் இடைவெளியில் வென்றாக வேண்டும். இந்தியா 16 அடித்தது, +13 ஆனது, முன்னேறியது. கார்த்தியின் அந்த இரண்டு கோல்களைக் கழித்துப் பாருங்கள்: 14 கோல்கள், +11, இந்தியா வெளியே. எதிரணியின் வலிமையை மட்டும் கொண்டு எடைபோட்டிருந்தால் ‘மலிவானவை’ என்று ஒதுக்கப்பட்டிருக்கும் கோல்கள் அவை! (அடுத்த சுற்றில் இதே கோல் வேறுபாடு இந்தியாவுக்கு எதிராகத் திரும்பியது, தென்கொரியா, மலேசியா ஆகியவற்றோடு புள்ளியில் சமமாக இருந்தும் இந்தியா இறுதியாட்டத்தை இழந்து, பின்னர் ஜப்பானை வென்று வெண்கலம் பெற்றது.)

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மேயர் இராதாகிருஷ்ணன் விளையாட்டரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டி நடந்தது. தமிழ்நாட்டுப் பார்வையாளர்கள் முன்னிலையில் மலேசியாவுக்கு எதிரான சுற்று ஆட்டத்தில் ஒரு கோலும் ஜப்பானுக்கு எதிரான அரையிறுதியில் ஒரு கோலும் அடித்தார் கார்த்தி. அத்தொடரில் மிகுதியாக, 9 கோல்கள் அடித்தவர் ஹர்மன்பிரீத் சிங். அவர் முன்கள வீரரல்லர். பின்களத்தில் நின்று காப்பவர். பெனால்டி கார்னர்களை ஓங்கியடிக்கும் பொறுப்பு அவருடையது. ஒன்பதையும் இரண்டையும் அருகருகே எழுதி இவர் பெரியவர், அவர் சிறியவர் என்பது, நெல் வயலையும் பருத்திக் காட்டையும் மூட்டை எண்ணி ஒப்பிடுவது போலாகும். வாய்ப்பின் வகை வேறு. ஆகவே அளவுகோலும் வேறு.

அத்தொடரின் இறுதியாட்டத்தில் இந்தியா இடைவேளையில் 1–3 எனப் பின்தங்கியிருந்து, 4–3 என மலேசியாவை வென்றது. அன்றைய கோல் பட்டியலில் கார்த்தியின் பெயர் இல்லை. அந்த இன்மையிலிருந்து எதை முடிவுசெய்வது? எதையும் முடிவுசெய்ய இயலாது என்பதே சரியான விடை. இன்றைய ஹாக்கியில் தற்காப்பு முன்களத்திலேயே தொடங்குகிறது. எதிரணியின் பின்கள வீரர் பந்தை எடுத்ததும் அவரை நெருங்கி, வழியை அடைத்து, பக்கக்கோட்டை நோக்கித் தள்ளுவது முன்கள ஆட்டக்காரரின் கடமை. அவ்வாறு அடைபட்டவர் தவறாக அடிக்கும் பந்தை வேறொருவர் கைப்பற்றுவார். குறிப்பேட்டில் கைப்பற்றியவர் பெயரே ஏறும்.

தற்காப்பை அளப்பது கடினம் என்பதற்கு அமெரிக்கக் கூடைப்பந்தில் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியில் ஆடிய ஷேன் பேட்டியரின் புள்ளிகளும் பந்துப் பறிப்புகளும் மிகச் சாதாரணமானவை. ஆயினும், அவர் மறித்து நின்ற நட்சத்திர வீரர்களின் எறிதல் திறன் வழக்கத்தைவிடக் குறைந்தது. எதிராளி எந்த இடத்திலிருந்து எறிந்தால் மிகுதியாகத் தவறுவார் என்பதை முன்கூட்டியே படித்து, அவ்விடத்திற்கே அவரைத் தள்ளுவது பேட்டியரின் முறை. 2009இல் மைக்கேல் லூயிஸ் எழுதிய கட்டுரை ஒன்று இதனை உலகறியச் செய்தது. பேட்டியரின் சிறப்பு அவருடைய எண்களில் இல்லை. அவரை எதிர்த்து ஆடியவர்களின் எண்களில் இருந்தது.

இம்முறையைப் பள்ளி மைதானத்திலும் பின்பற்றலாம். பெரும் கருவிகள் எவையும் தேவையில்லை. ஒரு குறிப்பேட்டில் நம் கார்டு எறிந்தவற்றோடு, அவர் மறித்து நின்றவர் எத்தனை முறை எறிந்தார், எத்தனை கூடையில் விழுந்தன என்பவற்றையும் எழுத வேண்டும். எதிராளி எறியவே இடமின்றிப் பந்தைத் திருப்பிக் கொடுத்த முறைகளுக்குத் தனிக் கோடு போட வேண்டும். எதிரணியின் பெயரும் ஆடிய நிமிடங்களும் ஓரத்தில் இருக்கட்டும். எழுதுபவர் அவ்வணியின் நெருங்கிய நண்பராக இல்லாதிருப்பது நல்லது.

கற்பவை கற்றபின்

ஒரு கார்டு 14 எறிவுகளும் 6 தனி எறிவுகளும் எறிந்து 18 புள்ளி பெற்றார். அவருடைய திறனைக் கணக்கிட்டு, பாடத்திலுள்ள இருவரோடும் ஒப்பிடுக.

ஜகார்த்தாவில் கார்த்தி அடித்த மூன்று கோல்களுள் மதிப்பு மிக்கது எது? இரு அணிகளாகப் பிரிந்து வகுப்பறையில் உரையாடுக.